18 முதல் 35 வயது வரை

திருப்பூரில் என் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்துக்குள் பனியன் கம்பெனி வாசல்களில் ‘ஆட்கள் தேவை’ பலகைகள் ஐந்தாறு தொங்குகின்றன. ஓவர்லாக், பேட்லாக் என்ற தையல் வகைகள், செக்கிங், அயர்னிங் என்று வேலைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அவற்றில் இரண்டு பலகைகளின் அடியில், சிறிய எழுத்தில், ‘18 முதல் 35 வயது வரை’ என்றும் இருக்கிறது. ஊரில் வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை என்று யாராவது குறைப்படும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைசி வரிதான் நினைவுக்கு வருகிறது.

குறை பொய்யன்று. ஒரு பெண் சராசரியாக 2.1 பிள்ளைகளைப் பெற்றால்தான் ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்தது நிரப்பும் என்பது மக்கள்தொகைக் கணக்கு. 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்விலேயே தமிழ்நாட்டில் அது 1.8 ஆக இறங்கிவிட்டது. அப்போது பிறந்த குழந்தைகள்தான் இன்று இருபது வயதை எட்டி, தையல் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டியவர்கள். அந்தக் குறைந்த எண்ணிக்கையிலும் ஏறக்குறைய பாதிப் பேர் கல்லூரிக்குச் செல்கிறார்கள். 2021-22இல் மாநிலத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. மறுபுறம், 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடாக இருந்த அறுபது வயதைக் கடந்தோர் 2031இல் 18.2 விழுக்காடு ஆவார்கள் என்று அரசின் மதிப்பீடு சொல்கிறது.

இடைவெளியை ரயில்கள் நிரப்புகின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வரும் இளைஞர்கள் இல்லாமல் இங்கே ஏற்றுமதி ஆர்டர் எதுவும் நாள் தவறாமல் முடிவதில்லை. ஆனால் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் வருமானம் வழக்கமாக எங்கே செலவாகும் என்று பார்த்தால், கல்யாணம், வீடு கட்டுவது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என எல்லாம் அவருடைய சொந்த ஊரில்தான் நடக்கின்றன. நமக்கு மிஞ்சுவது லைன் வீட்டு வாடகையும், மளிகையும், ஞாயிற்றுக்கிழமைகளில் காதர்பேட்டையில் நடக்கும் துணி வியாபாரமும். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில போலிக் காணொளிகள் பரவியபோது, பலர் பயந்துபோய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். இந்த ஊரின் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அந்த வாரத்தில் தெரிந்தது. பீகாரிலும் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி அதே 2005-06 ஆய்வில் 4.0 ஆக இருந்து 2019-21இல் 3.0 ஆகக் குறைந்திருக்கிறது. எனவே ரயில்களும் எப்போதும் இப்படியே நிரம்பி வரப்போவதில்லை.

இனி என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது ஆண்டுகள் ஓவர்லாக் ஓட்டியவர். தைத்த துணியை விரலால் தடவிப் பார்த்தே எந்தத் தையல் பிரியும் என்று சொல்லிவிடுவார். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரியாமல் போனதும், ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், ஒரே ஸ்டூலில் உட்கார இடுப்பு ஒத்துழைக்காததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. இப்போது கட்டுக்கட்டாக வரும் துணிகளுக்கு வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டுகிறார்.

பீஸ் கணக்கில்தானே கூலி, மெதுவாகத் தைப்பவருக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று நான் முன்பு நினைத்ததுண்டு. விஷயம் அவ்வளவு எளிதில்லை. பெரிய கம்பெனிகளில் ஒரு சட்டை வரிசையாகப் பலர் கை மாறித்தான் முடிகிறது. நடுவில் ஒருவர் தாமதித்தால் அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். ஆகவே வயது என்பது அங்கே ஒருவரின் கூலியோடு நிற்பதில்லை, மொத்த வரிசையின் செலவாக மாறிவிடுகிறது. பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, ஆள் இல்லாததால் வந்ததன்று. இருபது வயது உடம்புக்கென்றே வேலையை வகுத்து வைத்திருப்பதால் வந்தது.

மூத்தவர்களை வேலையில் வைத்திருந்தால் இளைஞர்களின் வாய்ப்பு போய்விடும் என்ற வாதத்தையும் கேட்கிறேன். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியபோது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் வருந்தியதில் நியாயம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் உட்கார முடியும். பனியன் கம்பெனியில் அந்தக் கணக்கு பொருந்தாது. செக்கிங் மேசையில் அனுபவமுள்ள ஒருவர் இருந்தால் சரக்கு திரும்பி வருவது குறையும், அடுத்த ஆர்டர் வரும், அதைத் தைக்க இளையவர்கள் நான்கு பேர் கூடுதலாகத் தேவைப்படுவார்கள்.

போன மாதம் அத்தை எங்கள் தெருக் கம்பெனி ஒன்றில் போய், செக்கிங்கில் அரை ஷிப்ட் மட்டும் வேலை தர முடியுமா என்று கேட்டார். அரை ஷிப்டுக்கு இங்கே கணக்கே கிடையாது என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வாசலில் பலகை இன்னும் தொங்குகிறது. செக்கிங்குக்கு ஆட்கள் தேவை என்றுதான் அதில் முதல் வரி.