ஓர் அதிபரின் கடிதங்களை இணைய நூலகமாக்க நிதி திரட்டியபோது

அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் அதிபர் நூலகங்களின் வரிசை ஹெர்பர்ட் ஹூவரிலிருந்துதான் தொடங்குகிறது. அவருக்கு முந்தைய அதிபர் ஒருவரின் கடிதத் தொகுப்பு நான் பணியாற்றிய பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. அதை இணைய நூலகமாக்கும் திட்டத்தில் விண்ணப்பமும் செலவுத் திட்டமும் தயாரிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பராக் ஒபாமாவின் தாள் ஆவணங்கள் ஏறத்தாழ 3 கோடிப் பக்கங்களை மின்மயமாக்கும் செலவை அவருடைய அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. நூறாண்டுக்கு முன் மறைந்தவருக்கு அத்தகைய புரவலர்கள் இல்லை.

எங்களுக்குத் துணிவு தந்தது வடக்கு டகோட்டாவின் டிக்கின்சன் மாநிலப் பல்கலைக்கழகம். ஹூவருக்கு முந்தைய இன்னோர் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் மூல ஆவணங்களில் பெரும்பகுதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும் ஹார்வர்டிலும் இருக்க, அந்தச் சிறிய கல்வி நிலையம் அவற்றின் மின்படிகளைப் பெற்று, தன்னார்வலர்களின் துணையோடு விவரக் குறிப்புகள் எழுதி வெளியிட்டு வருகிறது.

அந்த விவரக் குறிப்புதான் எங்கள் விண்ணப்பத்தில் பெரும் விவாதமானது. ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்யச் சில நொடிகள் போதும். மங்கிய கையெழுத்தைப் படித்து, யார் யாருக்கு எப்போது எதைப் பற்றி எழுதினார் என்று பதிவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரின் நேரம் வேண்டும். நன்கொடையாளர்கள் அசையும் காலவரிசைகளையும் மெய்நிகர் கண்காட்சியையும் விரும்பினார்கள், குறிப்பெழுதுவோரின் ஊதியத்தையோ குறைக்கச் சொன்னார்கள். எனவே அஞ்சலக அதிகாரி பதவி கேட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு மட்டும் முழுக் குறிப்பு எழுதி, ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்தால் அவ்வூர்க்காரரின் கடிதம் வந்து நிற்பதைக் காட்டினோம். தம் ஊரின் பெயரைத் தேடிப் பார்த்த நன்கொடையாளர் குழு உறுப்பினர்கள் அதன்பின் அந்த ஊதியத்தைக் கேள்வி கேட்கவில்லை. வாசகரை ஈர்ப்பது இத்தகைய குறிப்புதான் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

பதிப்புரிமையையும் தனியே பார்க்க வேண்டியிருந்தது. அதிபருக்கு வந்த கடிதத்தின் உரிமை எழுதியவரையே சேரும். அச்சேறாத கடிதமென்றால் பொதுவாக அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும்.

மானியம் கிடைத்தது, ஆனால் அது வரையறுத்த காலத்துக்கே. சேமிப்பகக் கட்டணமும் கோப்புகளைக் காலத்துக்கேற்ற வடிவங்களுக்கு மாற்றும் செலவும் ஆண்டுதோறும் வரும் என்பதால், நன்கொடையின் ஒரு பகுதியை வைப்புநிதியாக்கி, அதன் வட்டியைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்குமாறு நிர்வாகத்திடம் எழுத்துவடிவில் ஒப்புதல் பெற்றோம்.