புறங்கையில் கொப்புளமா? கல்லீரலையும் கேளுங்கள்

தோல் மருத்துவ செய்முறைத் தேர்வில் ராமநாதபுரம் கடற்கரை ஆள் ஒருவர் கேஸாக வந்தால், "வெயில், உப்புத்தண்ணி" என்று முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் தோலில் காட்டும் அடையாளங்கள் இப்படித்தான் தவறிப்போகின்றன. பாம்பனில் வலை இழுக்கிறவருக்குக் காய்ப்பு உள்ளங்கையில் இருக்கும். நீங்கள் கையைத் திருப்பிப் பாருங்கள். புறங்கையில் கொப்புளம், லேசாக உரசினாலே உரிகிற தோல், ஆறிய இடத்தில் அரிசிக் குருணை மாதிரி சிறு வெள்ளைக் கட்டிகள் (மிலியா), கன்னத்தில் புதிதாக முடி: இவை சேர்ந்திருந்தால் போர்ஃபைரியா கியூட்டேனியா டார்டாதான் (போர்ஃபைரின் என்ற பொருள் உடலில் தேங்கி, ஒளி பட்ட தோல் புண்ணாகும் நோய்) முதல் சந்தேகம். இதைத் தூண்டுபவை என்று ஹெபடைடிஸ் சி, மது, உடலில் மிகுந்த இரும்பு, மூன்றையும் சொல்லுங்கள். சிறுநீர் உட்ஸ் விளக்கில் (புறஊதா விளக்கு) பவளச் சிவப்பாக ஒளிரலாம்.

சிகிச்சை, 2 வாரத்துக்கு ஒருமுறை சுமார் 450 மி.லி. ரத்தம் எடுப்பது, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) 20 நானோகிராம்/மி.லி. அளவுக்கு இறங்கும்வரை. இல்லையென்றால் ஹைட்ராக்சிகுளோரோகுயின் 100 மி.கி., வாரம் இரண்டு முறை மட்டும். தினசரி முழு டோஸ் கொடுத்தால் கல்லீரலில் தேங்கிய போர்ஃபைரின் ஒரேயடியாக வெளியேறி ஆளைப் படுக்கவைத்துவிடும். "சன்ஸ்கிரீன் போதாதா?" என்று மடக்குவார்கள். போதாது. கெடுப்பது 400-410 நானோமீட்டர் ஒளி. சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. முழுக்கைச் சட்டையே மேல்.

அடுத்து கால். கெண்டைக்காலில் அழுத்தினாலும் மறையாத, விரலுக்குத் தட்டுப்படுகிற ஊதாப் புள்ளிகள், மூட்டுவலி, அசதி: கிரையோகுளோபுலினீமியா, அதாவது குளிரில் படிகிற புரதம் (கிரையோகுளோபுலின்) ரத்தத்தில் இருப்பது. இதற்கும் ஹெபடைடிஸ் சி முக்கியக் காரணம். ரத்தத்தில் சி4 (காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதம்) குறைந்திருக்கும், ஆர்.எஃப். (ருமட்டாய்டு ஃபேக்டர்) பாசிட்டிவாக வரும். சொதப்புவது சாம்பிளில்தான். சிரிஞ்சும் டியூபும் முன்பே 37 டிகிரியில் இருக்க வேண்டும். ரத்தம் உறைந்து சீரம் பிரிகிறவரை அதே சூடு. மண்டபத்திலிருந்து மதுரை லேபுக்கு, மீன் அனுப்புகிற மாதிரி ஐஸ் பெட்டியில் அனுப்பினால், கிரையோகுளோபுலின் உறைகட்டியோடு படிந்து குப்பைக்குப் போகும். ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று வரும். பிரித்த சீரத்தைத்தான் 4 டிகிரியில் 7 நாள்வரை வைத்து வீழ்படிவு பார்ப்பார்கள்.

வாயைத் திறக்கச் சொல்ல மறக்காதீர்கள். கன்னத்தின் உட்புறம் வெள்ளை வலைப்பின்னலும் புண்ணும் இருந்தால் லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோய். இதுவும் ஹெபடைடிஸ் சி-யோடு சேர்ந்து வரலாம். வெற்றிலைப் பழக்கத்தின்மேல் பழியைப் போட்டு நகர்ந்துவிட வேண்டாம். ஹெபடைடிஸ் பி-யின் தோல் அடையாளம் கேட்டால், பாலிஆர்டரைடிஸ் நோடோசாவும் (ரத்தக்குழாய் அழற்சி), குழந்தைகளில் ஜியனோட்டி-குரோஸ்டியும் (கன்னம், கை, கால்களில் வரும் பருக்கள்) சொன்னால் போதும்.

ஆன்டி-எச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்றதும் மருந்துக்குத் தாவாதீர்கள். குணமானவருக்கும் அது பாசிட்டிவாகவே நிற்கும். வைரஸ் இப்போது இருக்கிறதா என்று காட்டும் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. கேளுங்கள். ஹெபடைடிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிர் தொடங்குமுன் எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் (ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் சோதனை) பார்க்க வேண்டும். சி அடங்கும்போது உள்ளே பதுங்கியிருந்த பி கிளம்பக்கூடும்.