கோஸ்டியா கவுன்ட்டியில் நிலம் பார்க்கப் போனோம்

2021 டிசம்பர் 30 அன்று போல்டர் பக்கம் மார்ஷல் என்று பேர் வைத்த காட்டுத்தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அந்தப் புகையை டென்வரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்தே பார்த்தோம். கரண்ட், குழாய்த் தண்ணீர், கடை எல்லாம் ஒரே நாளில் நின்றால் என்ன செய்வது என்ற பேச்சு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓயவில்லை. அப்படித்தான் நம் தேவையை நாமே பார்த்துக்கொள்ள ஒரு துண்டு நிலம் தேடி, கொலராடோ மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கோஸ்டியா கவுன்ட்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) கிளம்பினோம்.

லா வேட்டா கணவாயில் ஏறி இறங்கினால் சான் லூயிஸ் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்று பேர், தரையே கிட்டத்தட்ட 8,000 அடி, ஊட்டியைவிட உயரம். ஆனால் பச்சை இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் நிறப் புதர். 5 ஏக்கர் துண்டுகள் பழைய கார் விலைக்குக் கிடைக்கின்றன. வெயில் நன்றாகக் காய்வதால் சோலாருக்குக் குறை இல்லை.

சிக்கல் தண்ணீரில்தான். தரைப்பகுதியில் வருடத்துக்கு 10 அங்குலம்கூட மழை கிடையாது. நிலம் 35 ஏக்கருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்க மட்டுமே போர் போட அனுமதி, தோட்டத்துக்கோ ஆடு கோழிக்கோ அந்தத் தண்ணீரை எடுக்க முடியாது. கூரையில் விழும் மழையைக்கூட 2016 சட்டப்படி இரண்டு பீப்பாயில், மொத்தம் 110 கேலன்தான் பிடிக்கலாம். "அப்போ தக்காளிச் செடிக்கு எதைங்க ஊத்துறது?" என்றார் மனைவி. என்னிடம் பதில் இல்லை. தீக்குப் பயந்து வந்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2018இல் ஸ்பிரிங் தீ இந்தக் கவுன்ட்டியிலும் பக்கத்துக் கவுன்ட்டியிலுமாக 1 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது.

அப்புறம் சான் லூயிஸ் ஊருக்குப் போனோம், என் கணக்கு அங்கேதான் மாறியது. 1851இல் குடியேறிய ஊர், மாநிலத்திலேயே பழையது. 1852இல் வெட்டிய பொது வாய்க்கால் இன்றும் ஓடுகிறது, கொலராடோவின் மிகப் பழைய நீருரிமை, அதாவது தண்ணீர் எடுக்கும் சட்ட உரிமை, அதற்குத்தான். இந்த வாய்க்கால்களை அசெக்கியா என்கிறார்கள். யாருக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்துத் திறந்துவிட மயோர்டோமோ என்று ஒருவர், நம் ஊரில் பாசனத் தண்ணீரைப் பங்கிடும் நீர்க்கட்டி மாதிரியே. வசந்தத்தில் எல்லாரும் சேர்ந்து தூர்வாருகிறார்கள். விளையும் காலம் சுமார் 3 மாதம்தான், அதற்குள் பொலிட்டா பீன்ஸும் மக்காச்சோளமும் எடுத்து, மக்காச்சோளத்தைச் சுட்டுக் காயவைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். மலைக்காட்டில் விறகு வெட்டவும் மாடு மேய்க்கவும் இருந்த உரிமையை வழக்காடி 2002இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் மீட்டிருக்கிறார்கள், அது பழைய நிலங்களோடு சேர்ந்து வரும் உரிமை. புதர்க்காட்டில் தனியாக வேலி போட்டு உட்காருபவருக்கு இதில் எதுவும் இல்லை.

பெரிய மருத்துவமனைக்கு அலமோசா வரை, 40 மைல் போக வேண்டும். மனைவிக்கு அதுதான் உறுத்துகிறது, எனக்கும்தான்.

5 ஏக்கர் துண்டை விட்டுவிட்டோம். வாய்க்கால் ஓரம் அரை ஏக்கர் கிடைத்தாலும் போதும். அடுத்த வசந்தத்தில் தூர்வார வரலாமா என்று அங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார்.