திரையில் பேசுபவர் எந்த வேலையில் இருந்தவர்?

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஒன்றில் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். விவாதத்தில் பேசுபவரின் முகத்துக்குக் கீழே பெயரும் பதவியும் காட்டும் பட்டையை எங்கள் பேச்சில் ஆஸ்டன் என்போம். அதை எழுதுவதும் என் வேலைதான். தேசியப் பாதுகாப்பு பற்றிப் பேச யார் வந்தாலும் அதில் 'பாதுகாப்பு நிபுணர்' என்று போட்டுவிடுவது எல்லாச் சேனல்களிலும் வழக்கமாகிவிட்டது. பீரங்கிப் படை பிரிகேடியர், உளவுத்துறையில் இருந்த ஐபிஎஸ் அதிகாரி, முன்னாள் தூதர் என்று யாராக இருந்தாலும் ஒரே பட்டைதான். இதை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஏன் கேட்கிறேன் என்று கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

உச்சப் பதவியிலிருந்தே பார்ப்போம். பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்த 1998-ஆம் ஆண்டு, நவம்பரில், வாஜ்பாய் அரசு தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் என்ற பதவியை உருவாக்கியது. அதில் இதுவரை உட்கார்ந்தவர்கள் ஐந்தே பேர். பிரஜேஷ் மிஸ்ரா, ஜே.என். தீட்சித், சிவசங்கர் மேனன் மூவரும் வெளியுறவுப் பணியில் இருந்தவர்கள். எம்.கே. நாராயணனும் அஜித் தோவலும் ஐபிஎஸ். இருவருமே ஐபி எனப்படும் உளவுத்துறையின் இயக்குநர்களாக இருந்தவர்கள். நாராயணன் 1955 பேட்ச், நம் மாநில கேடர், சென்னை லயோலாவில் படித்தவர். ராணுவத்திலிருந்து ஒருவர்கூட இந்தப் பதவிக்கு வந்ததில்லை. அமெரிக்காவில் கிஸ்ஸிங்கர் என்ற பேராசிரியரும் இதே பதவியில் இருந்தார், ஸ்கோக்ராஃப்ட், காலின் பவல், மெக்மாஸ்டர் என்று ஜெனரல்களும் இருந்தார்கள். இங்கே கதவு இரண்டு பக்கம்தான் திறந்திருக்கிறது: ஒன்று தூதரகம், இன்னொன்று போலீஸ்.

இது வெறும் பயோடேட்டா விவரம் இல்லை. முப்பது முப்பத்தைந்து வருடம் ஒருவர் எந்த வேலையைச் செய்தாரோ, அந்த வேலை கேட்கவைத்த கேள்வியைத்தான் புதுப் பிரச்சினையிலும் முதலில் கேட்பார்.

பிரஜேஷ் மிஸ்ரா 1970-இல் பெய்ஜிங்கில் நம் தூதரகப் பொறுப்பாளர். 1962 போருக்குப் பிறகு இரு நாடுகளும் தூதர்களை வைத்துக்கொள்ளாத காலம் அது. மே தின நிகழ்ச்சியில் வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டே வந்த மாவோ, இவர் முன்னால் நின்று, இப்படியே எத்தனை நாள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது என்ற அர்த்தத்தில் சிரித்தபடி பேசினார். மிஸ்ரா உடனே டெல்லிக்குத் தந்தி அனுப்பினார். ஒரு சிரிப்பை அரசாங்கச் செய்தியாகப் படிக்கத் தெரிந்தவர். 2003-இல் சீனாவுடன் எல்லைப் பேச்சுவார்த்தைக்குச் சிறப்புப் பிரதிநிதிகள் நியமிக்கப்பட்டபோது நம் தரப்பில் முதலில் போனவரும் இவரே. அன்றிலிருந்து அந்தப் பொறுப்பு பாதுகாப்பு ஆலோசகரிடமே இருக்கிறது. அதனால்தான் 2024 டிசம்பரில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யியுடன் பெய்ஜிங்கில் அமர்ந்து பேசியவர், வாழ்நாளின் பெரும்பகுதியை உளவு வேலையில் கழித்த தோவல்.

தோவலின் தஞ்சாவூர்ப் பேச்சை நம்மவர்களே அதிகம் பேர் கேட்டதில்லை. 2014 பிப்ரவரியில் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் நானி பால்கிவாலா நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார். அப்போது எந்த அரசுப் பதவியிலும் இல்லை. ஐபி இயக்குநராக ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எதிரியைச் சமாளிக்க மூன்று நிலைகள் உண்டு என்றார்: வருவதைத் தடுப்பது, தாக்குதல் கிளம்பும் இடத்துக்கே போய்த் தடுப்பது, நேரடியாகத் தாக்குவது. மூன்றாவதில் அணு ஆயுத ஆபத்து இருப்பதால் இரண்டாவதுதான் நமக்கு வழி என்பது அவர் வாதம். இன்னொரு மும்பை நடத்தினால் பலூசிஸ்தானை இழப்பீர்கள் என்று பாகிஸ்தானை நோக்கிச் சொன்ன வரியும் அந்த மேடையில் வந்ததுதான். மூன்று மாதத்தில் அவர் ஆலோசகர் ஆனார்.

அந்தப் பேச்சை அவருடைய பணி வரலாற்றோடு சேர்த்துக் கேட்டால் எல்லாம் பொருந்தும். 1968 பேட்ச், கேரள கேடர். மிசோரமில் கிளர்ச்சியாளர்களுக்குள் புகுந்து வேலை பார்த்தவர். 1988-இல் கீர்த்தி சக்ரா விருது வாங்கிய போலீஸ் அதிகாரி. 1999 டிசம்பரில் விமானக் கடத்தலின்போது காந்தஹாரில் பேச்சுவார்த்தைக்குப் போன குழுவில் ஒருவர். எதிரியின் வீட்டுக்குள் இருக்கும் விரிசலைத் தேடுவது இவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. தஞ்சாவூரில் அதைத்தான் ஒரு நாட்டின் கொள்கையாக விரித்துச் சொன்னார். ஒரு பீரங்கிப் படை ஜெனரல் அதே மேடையில் ஏறியிருந்தால் எத்தனை டிவிஷன், எத்தனை நாள் குண்டு இருப்பு என்று தொடங்கியிருப்பார். எது சரி என்பதில் எனக்கும் கருத்து உண்டு; ஆனால் கேட்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

தமிழர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1987-இல் கொழும்பில் நம் தூதர் தீட்சித். இலங்கையில் இறங்கிய இந்திய அமைதிப்படையின் முதல் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங். அந்தச் செப்டம்பரில் ஓர் இரவு, பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும், வெள்ளைக் கொடியோடு வருபவரை ராணுவம் முதுகில் சுடாது என்று தன் மேலதிகாரி சொல்ல, அதையே பதிலாகத் தெரிவித்துத் தான் மறுத்ததாகவும் ஹர்கிரத் சிங் ஓய்வுக்குப் பிறகு எழுதினார். இது அவர் தரப்புக் கூற்று. ஆனால் தூதரகத்துக்கும் படைக்கும் இடையே எவ்வளவு பெரிய பிளவு இருந்தது என்பதை மறைக்க முடியாது. அக்டோபரில் சண்டை வெடித்தது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் அமைதிப்படையினரால் கொல்லப்பட்டார்கள். படை திரும்பி வந்த 1990-க்குள் நம் வீரர்களும் ஆயிரத்துக்கு மேல் இறந்திருந்தார்கள்.

அந்த நாட்களைப் பற்றி இன்று ஒருவர் ஸ்டூடியோவில் பேசும்போது, அவர் அப்போது கொழும்புத் தூதரகத்தில் இருந்தாரா, யாழ்ப்பாணத்தில் படைத்தளம் இருந்த பலாலியில் இருந்தாரா, டெல்லியில் கோப்பு பார்த்தாரா, அல்லது ஊரிலேயே இருந்தாரா என்று கேட்க ஈழத்தமிழருக்கும் நமக்கும் முழு உரிமை இருக்கிறது. இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 1988 முதல் 1990 வரை அந்தத் தூதரகத்தில் அமைதிப்படையின் அரசியல் ஆலோசகராக இருந்தவர். இலங்கை பற்றி அவர் பேசுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பின்னணியே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஜெய்சங்கரின் தந்தை கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தவர், தமிழ்நாடு கேடர் ஐஏஎஸ். துப்பாக்கி பிடித்தவரில்லை, ஒற்றர் வேலை பார்த்தவரும் இல்லை. ஆனாலும் இந்திய அணுக் கொள்கையின் வரைவும் கார்கில் ஆய்வுக் குழு அறிக்கையும் அவர் தலைமையில்தான் வந்தன. பாதுகாப்பு ஆலோசகர் முழுநேரமாக அந்த ஒரு வேலையை மட்டுமே பார்க்க வேண்டும் என்று அவர் குழு சொன்னது. பிரதமரின் முதன்மைச் செயலாளர் பதவியையும் சேர்த்தே வைத்திருந்த மிஸ்ராவின் காலத்தில் அது நடக்கவில்லை.

2025 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் தேதி காலை, பாகிஸ்தான் மீது நாம் நடத்திய ஆபரேஷன் சிந்தூர் தாக்குதல் பற்றி முதலில் பேசியவர் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி. கூடவே ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவின் கர்னல் சோஃபியா குரேஷியும், ஹெலிகாப்டர் விமானி விங் கமாண்டர் வியோமிகா சிங்கும். மிஸ்ரியின் பேச்சில் அளவோடு, பொறுப்போடு, மோதலைப் பெரிதாக்காமல் என்ற சொற்களே திரும்பத் திரும்ப வந்தன. அவை மற்ற தலைநகரங்களுக்குப் போக வேண்டிய சொற்கள். சீனாவில் தூதராகவும், துணைப் பாதுகாப்பு ஆலோசகராகவும் இருந்தவருக்கு அது கைவந்த கலை. நான்கு நாள் கழித்து ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதி வந்தார். இழப்பு பற்றிக் கேட்டதும், போரில் இழப்பும் ஒரு பகுதி என்றார். இலக்கை அடிப்பது எங்கள் வேலை, பிணங்களை எண்ணுவது எங்கள் வேலை இல்லை என்றும் சொன்னார். மே 31 அன்று சிங்கப்பூரில் முப்படைத் தளபதி அனில் சவுகான், நம் விமானங்கள் விழுந்ததை ஒப்புக்கொண்டார். எத்தனை என்பதைவிட ஏன் விழுந்தன என்பதே முக்கியம், தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து மீண்டும் பறந்தோம் என்றார். பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு அது ராணுவ அதிகாரி தன் வகுப்பறையில் பேசும் பேச்சாகவே கேட்டது. முன்பு ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநராக இருந்தவர் அவர். அடித்த பிறகு என்ன பிசகியது என்று உட்கார்ந்து பார்ப்பது அங்கே அன்றாடம். ஆனால் அதை நாடாளுமன்றத்தில் சொல்லாமல் சிங்கப்பூரில் சொன்னது சரியில்லை என்பதே என் எண்ணம்.

பட்டைக்கு வருகிறேன். சென்னையில் வாழ்ந்து 2013-இல் மறைந்த பி. ராமன், வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வின் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். அவர் கட்டுரைகளின் அடியில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ஓய்வு பெற்ற கூடுதல் செயலாளர், அமைச்சரவைச் செயலகம், இப்போது சென்னையில் இன்ன நிறுவனத்தின் இயக்குநர். ரா அதிகாரிகள் தாளில் அமைச்சரவைச் செயலகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். அப்போது என்ன வேலை, இப்போது என்ன வேலை, இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும். நான் கேட்பது இவ்வளவுதான்.

'இப்போது' என்ற பாதிதான் அதிகம் விடுபடுகிறது. ஆயுதம் விற்கும் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருப்பவர், புதுப் போர் விமானம் வாங்க வேண்டும் என்று பேசினால் பார்ப்பவருக்கு அது தெரிய வேண்டாமா? கட்சியில் சேர்ந்துவிட்ட முன்னாள் அதிகாரிக்கு இன்னமும் ராணுவப் பட்டத்தை மட்டும் போடலாமா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2021 மே 31-இல் மத்திய அரசு ஓய்வூதிய விதியைத் திருத்தியது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அமைப்பின் வேலை தொடர்பாக எதையும் அதன் தலைவரிடம் முன்அனுமதி பெறாமல் வெளியிடக் கூடாது. மீறினால் ஓய்வூதியத்தில் கைவைக்கலாம். அதனால் நன்றாகத் தெரிந்த பலர் இப்போது அழைத்தாலும் வருவதில்லை.

பட்டையில் இரண்டு வரிக்கு இடமில்லை என்பதுதான் எனக்குக் கிடைக்கும் பதில். கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு ரன், சராசரி, ஸ்ட்ரைக் ரேட் எல்லாம் அதே அளவுப் பட்டையில் அடங்குகிறது. 'முன்னாள் ஐபி அதிகாரி, 2009-இல் ஓய்வு. இப்போது தனியார் நிறுவன ஆலோசகர்' என்பதும் அடங்கும், போட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் பார்க்கும் சேனலுக்கு எழுதுங்கள். நேயர் கடிதம் வந்தால் எடிட்டோரியல் கூட்டத்தில் அதை எடுத்துவைக்க என்னைப் போல ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருப்பார்.