மலைக்குப் பேர் கேட்டுப் போன கதை

“மலைக்கு என்ன தம்பி பேரு? மலைதான்.”

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில் நான் கேட்ட முதல் கேள்விக்குக் கிடைத்த பதில் இது. சொன்னவர் ஆடு மேய்க்கும் பெரியவர். தொரட்டியால் ஒரு கிளையை வளைத்து ஆடுகளுக்குக் கொடுத்துக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் மலைக்கு எதற்குப் பேர்?

செல்போன் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மதுரைக்கு வடகிழக்கே பாறைக் குன்றுகள் வரிசையாகத் தெரியும். பெரும்பாலானவற்றுக்குப் பேரே இருக்காது. இருந்தாலும் பக்கத்து ஊரின் பேரை ஒட்டியிருப்பார்கள். அங்கே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிடலாம் என்றுதான் ஒரு நோட்டும் இரண்டு நாள் விடுப்புமாகக் கிளம்பினேன்.

முதல் நாள் யானைமலை. ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், யாரிடமும் பேர் கேட்க வேண்டியதில்லை, யானை படுத்திருக்கிறது. இந்தப் பேரின் வயதுதான் ஆச்சரியம். மேலே சமணர் குகையில் உள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு ‘இவ குன்றத்து’ என்று தொடங்குகிறது. இவம் என்றால் யானை. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடமாக யானை யானையாகவே இருக்கிறது. ஞானசம்பந்தர் தேவாரத்தில் ‘ஆனைமாமலை’ என்கிறார். அடிவாரத்து நரசிங்கர் குடைவரைக் கோயில் கி.பி. 770-ல் வெட்டப்பட்டது. இத்தனைக்கும் மலையைச் சுற்றி நடந்தால் சில இடங்களில் அது வெறும் பாறைச் சுவர்தான். யானை என்று முதலில் சொன்னவர் சரியான பக்கத்தில் குடியிருந்திருக்கிறார்.

மத்தியானம் மாங்குளம் போய், அப்படியே மீனாட்சிபுரம். இங்கேதான் சொதப்பினேன். டீக்கடையில் ஒரு இளைஞரிடம் கைகாட்டி, “கழுகுமலை அதுதானே?” என்றேன். “ஆமாண்ணே.” “ஓவாமலைன்னா?” “அதுவும் அதுதாண்ணே.” பரவாயில்லையே என்று, பக்கத்தில் சின்னதாகத் தெரிந்த ஒரு கரட்டைக் காட்டி, “அப்ப அது ஓவாமலையா?” என்றேன். அதற்கும் “ஆமாண்ணே!” அசலூரிலிருந்து வந்தவனை ஏன் மறுத்துப் பேச வேண்டும் என்ற மரியாதை. பதிலை நானே எடுத்துக் கொடுத்துவிட்டு, அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? நோட்டில் அந்தப் பக்கத்தை அப்படியே அடித்துவிட்டேன்.

ஆனால் முதலில் கைகாட்டிய அந்த மீனாட்சிபுரத்து மலையின் கல்வெட்டில் ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்று ஒரு வணிகர் குழு வருகிறது. சமணத் துறவிகளுக்குக் குகையில் இருப்பிடம் செய்து கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. பக்கத்திலேயே வெள்ளரிப்பட்டி என்று ஊர் இருக்கிறது. அந்த வெள்ளறைதான் இந்த வெள்ளரிப்பட்டி என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வெள்ளரிக்காய் விளைந்த ஊர் என்று நானாக முடிவு கட்டியிருப்பேன்.

சரி, மறுநாள் அரிட்டாபட்டி. பெரியவரிடம் கேள்வியை மாற்றினேன். “நேத்து ஆட்டை எங்கய்யா ஓட்டிட்டுப் போனீங்க?” அவ்வளவுதான், பேர்கள் கொட்டின. ராமாயி மலையடியில் நிழல் நிற்கும், அகப்பட்டான் மலைப் பக்கம் முள்ளு ஜாஸ்தி, கழிஞ்சமலைக்குச் சாமி கும்பிடப் போறவங்க வருவாங்க, தேன்கூடு மலையை அண்ணாந்து பார்த்தாலே தெரியும். ‘கூகைகத்தி மலை’ என்றபோது நான் கூகை, கத்தி என்று இரண்டு வார்த்தையாக எழுதி, கத்திக்கு என்ன கதை என்று விசாரித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் ஆடுகளே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தன. “கூகை ராத்திரி கத்தும்ல தம்பி, அதான்யா.”

கழிஞ்சமலைக் குகையில் மகாவீரர் சிற்பத்தை ஒட்டி ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு. அதில் இந்த மலையின் பேர் ‘திருப்பிணையன் மலை’. பெரியவருக்கு அந்தப் பேர் தெரியாது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், பிடிக்கவில்லை போல. மலையின் இன்னொரு பக்கத்துச் சிவன் குடைவரையை ஊரில் இடைச்சி மண்டபம் என்கிறார்கள்.

இத்தனை பேர் இருந்தும், டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்த வட்டாரத்துக்கு வைத்த பேர் ‘நாயக்கர்பட்டி பிளாக்’. 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த 193 ஹெக்டேரும் அதற்குள் சிக்கியிருந்தது. ஊர் ஊராகத் திரண்டு போராடியதில் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அரிட்டாபட்டி என்ற பேரே இல்லாத காகிதம் வந்தால் அரிட்டாபட்டிக்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி.

கிளம்பும்போது அவர் கேட்டார்: “ஒங்கூர்ல மலைக்கு என்ன பேரு?”

“நான் தஞ்சாவூர்ப் பக்கம்யா. எங்க ஊர்ல மலையே இல்ல.”

தொரட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். “அப்ப மழை வரப்போகுதான்னு எதப் பாத்துத் தெரிஞ்சுக்குவீக?”