தொட்டியின் அளவு

"தொட்டி பெரிசா இருந்தா முழுசா நிரப்பத்தான் சொல்வீங்க, சார்."

வீல்பாரோ, அதாவது கட்டட வேலையில் மணலும் கலவையும் ஏற்றிக் கையால் தள்ளும் தொட்டி வண்டி, தேர்வு செய்த அன்று, அதைத் தள்ளப்போகிறவர் சொன்னது இது ஒன்றுதான். "பாதி நிரப்பினால் போதுமே, யார் வேண்டாம் என்கிறார்கள்?" என்று எங்கள் தரப்பிலிருந்து பதில் போனது. பெரிய தொட்டியே வாங்கப்பட்டது. அந்தப் பதில் சரிதானா என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை.

பெரிய தொட்டிக்கான கணக்கு எளிது. 3 கன மீட்டர் மணலை 85 லிட்டர் தொட்டியில் கொண்டுபோக 36 நடை. 170 லிட்டர் தொட்டியில் 18 நடை. நடை பாதியானால் வேலை நேரமும் பாதியாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் முதல் ஓட்டை. மண்வெட்டியால் வாரிப் போடும் நேரம் துளியும் குறைவதில்லை. அதே 3 கன மீட்டரைத்தான் வார வேண்டும். குறைவது நடக்கும் நேரம் மட்டும். குவியலிலிருந்து 15 மீட்டரில் வேலை நடந்தால் அந்த மிச்சம் ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது, கையில் ஏறும் பாரம். சக்கரத்தின் அச்சிலிருந்து சுமையின் மையம் 45 சென்டிமீட்டர், கைப்பிடி 135 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமையில் மூன்றில் ஒரு பங்கு கைக்கு வரும். காய்ந்த மணல் கன மீட்டருக்குச் சுமார் 1600 கிலோ. 85 லிட்டருக்கு 136 கிலோ, கைக்கு 45. 170 லிட்டருக்கு 272 கிலோ, கைக்கு 90. இது வண்டியின் சொந்த எடையைச் சேர்க்காமல். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். கான்கிரீட் கலவை கன மீட்டருக்கு 2400 கிலோ என்பதால், 60 லிட்டர் போட்டாலே 144 கிலோ ஆகிவிடும். தொட்டியில் அது அடியில் கிடப்பதுபோலத்தான் தெரியும். கண் ஏமாறும் இடம் இதுதான்.

சாய்வுப் பாதை இதற்கு மேல். 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சாய்வில், வண்டியும் சுமையுமாக 300 கிலோ என்றால், தூக்கிப் பிடிப்பது போக 25 கிலோ விசையில் முன்னே தள்ளவும் வேண்டும்.

சரி, பாதிதானே நிரப்பச் சொன்னோம்? குவியலில் நின்று வாரிப் போடுபவர் ஒருவர், தள்ளுபவர் வேறொருவர். வாரிப் போடுபவரின் கை, தொட்டி நிறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியும்போதுதான் நிற்கும். அவர் மேல் குற்றம் இல்லை. பாதித் தொட்டி 'வேலை குறைவு' போலத் தெரிவதால், தள்ளுபவரே கூசிக்கொண்டு "இன்னும் ரெண்டு போடுங்க" என்று கேட்பதும் உண்டு. தொட்டிக்குள் பெயிண்டில் அளவுக் கோடு போடலாம்; போடப்பட்டது. வாரிப் போடும்போதே அந்தக் கோடு மணலில் மறைந்துவிடும். கலவை ஏற்றும் வண்டி என்றால் ஒரே வாரத்தில் கோடு உரிந்துவிடும். அகலத் தொட்டியில் பாதி ஊற்றிய கலவைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: திருப்பத்தில் அது ஒரு பக்கம் சரியும், வண்டியும் அந்தப் பக்கமே சாயும்.

மற்ற விஷயங்களில் தேர்வு சரியாகவே இருந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. தகடு 16 கேஜ், ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். கேஜ் என்பது தகட்டின் தடிமனைக் குறிக்கும் எண்; அது கூடினால் தகடு மெலியும். 18 கேஜ் என்றதும் கனமானது என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. ஜல்லி கொட்டினால் அந்தத் தகடு நெளியும். இறுகிய கலவையைச் சுத்தியலால் தட்டி எடுத்தால் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் அடுத்த கலவை பிடிக்கும். வேலை முடிந்த உடனே கழுவுவதைத் தவிர இதற்கு மாற்று இல்லை. தொட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளுக்கு அகல வாஷர் இருக்கிறதா என்றும் பார்க்கப்பட்டது. சின்ன வாஷர் என்றால் துளை ஓரத்தில் தகடு கிழியத் தொடங்கும், பல வண்டிகள் சாவது அங்கேதான். கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை ஒட்டில்லாமல் வளைத்த ஒரே குழாய், கால்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பி, கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் முனை) உள்ள பேரிங், 4.00-8 டயர் (4 அங்குல அகலம், 8 அங்குல ரிம்). டயருக்கு ஓரத்தில் அச்சிட்ட அளவு காற்று வேண்டும். குறைந்தால் உருட்டுவது கனக்கும், பக்கச் சுவர் வெடிக்கும். ஆணி சிதறிக் கிடக்கும் இடத்தில் திட டயர் நல்லது, ஆனால் ஒவ்வொரு அதிர்வும் மணிக்கட்டுக்கு வரும்.

இத்தனையும் வண்டி உடையாமல் இருப்பதற்கான சோதனைகள். உற்பத்தியாளர் எழுதும் சுமை அளவும் அதைத்தான் சொல்கிறது: சட்டம் எவ்வளவு தாங்கும் என்று. தள்ளுபவர் கேட்டது அதை அல்ல.

இரட்டைச் சக்கரம் எடுத்திருக்கலாமோ? சுமையை அச்சுக்கு நேர் மேலே வைக்கலாம், கையில் பாரம் ஏறக்குறைய இல்லாமலே போகும், பக்கவாட்டிலும் சாயாது. 170 லிட்டருக்கு அதுதான் பொருத்தம் என்று இப்போது படுகிறது. ஆனால் பாதையாகப் போட்ட 23 சென்டிமீட்டர் அகலப் பலகைமேல் அது ஏறாது. பக்கச் சரிவில் இரண்டு சக்கரமும் தரையோடு சேர்ந்து சாயும். ஒற்றைச் சக்கரம் என்றால் கையால் நிமிர்த்திக்கொள்ளலாம். பலகை இருந்தது, அதனால் ஒற்றைச் சக்கரம். இந்தக் காரணம் இன்றும் நிற்கிறது.

முன்பக்கம் அதிகம் போட்டு நிரப்பச் சொல்லலாம். மையம் 45-லிருந்து 35 சென்டிமீட்டருக்கு வந்தால் கைக்கு வருவது நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் இறக்கத்தில் சக்கரம் ஒரு கல்லில் முட்டினால் வண்டி மூக்கில் கவிழும்.

தூரம்தான் இன்னும் குழப்புகிறது. 100 மீட்டர் தள்ள வேண்டிய இடத்தில்தான் பெரிய தொட்டி கணக்குப்படி லாபம். அதே 100 மீட்டரில்தான் கை விட்டுப்போய், நடுவழியில் இரண்டு முறை கால் ஊன்றி நிறுத்த வேண்டியிருக்கிறது. நிறுத்திய வண்டியை மறுபடி கிளப்புவதுதான் இடுப்பைப் பிடிக்கிறது. 85 லிட்டர் வண்டி இரண்டு வாங்கி, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்படி செய்திருந்தால்? அதற்குத் தள்ள இன்னொருவர் வேண்டும். அன்று தள்ள இருந்தது ஒருவர்தான். அந்த ஒருவரிடமே "எத்தனை லிட்டர் எடுக்கலாம்?" என்று கேட்டிருக்கலாம். நிரப்பி ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு அவரே சொல்லியிருப்பார்.