குளிசை முடிஞ்சு போச்சு, தம்பி

இலங்கையின் வடக்கே, முறிகண்டியில் வான் நின்றபோது இன்னும் விடியவில்லை. எங்கள் சாரதி கத்தோலிக்கர். வானின் முன்கண்ணாடியில் மடு மாதா படம் தொங்குகிறது. ஆனாலும் இறங்கிப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வந்தார். கண்டி வீதியால் போகிறவர்கள் இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போவதில்லை. கனடாவில், ஸ்காபரோவில் பிறந்த எங்கள் குழுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சுடச்சுடக் கச்சான் வாங்கிக் கையில் கொடுத்தேன்.

எனக்கு இது மூன்றாம் தரம். 2012, 2016, பிறகு 2023. எங்கள் சபையில் இதைக் குறுங்கால ஊழியம் என்பார்கள். வேலையில் இரண்டு கிழமை லீவு, ஆளுக்கு இரண்டு 23 கிலோப் பெட்டி, புறப்படுகிற ஞாயிறு மேடைக்கு முன்னால் வரிசையாக நிற்க வைத்து ஒரு ஜெபம். திரும்பி வந்த ஞாயிறு படம் போட்டுக் காட்டுவோம். படத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

2012இல் வந்தபோது கிளிநொச்சித் தண்ணீர்த் தாங்கி சரிந்தபடி கிடந்தது. வீதியோரம் மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகைகள். நாங்கள் போன கிராமம் பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் நடுவில் உள்ளே இறங்க வேண்டும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வந்த சனம் தகரமும் தறப்பாளுமாகக் குடியிருந்தது. ஓகஸ்ட் மாதம், சோளகம் புழுதியை அள்ளி முகத்தில் எறிகிற காலம். நாங்கள் பெட்டியைத் திறந்தால் உள்ளே கம்பளித் தொப்பிகள்! சபையில் யாரோ ஒரு அம்மா அன்போடு பின்னிக் கொடுத்தது. வெட்கத்தோடு கொடுத்தோம், அவர்களும் மறுக்காமல் வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு வீட்டுக் கோடிப்பக்கம் போனால், நீலத் தொப்பி ஒன்றில் கோழி அடை கிடக்கிறது. அந்தப் பயணத்தில் நாங்கள் கொண்டுபோனவற்றில் உருப்படியாகப் பயன்பட்டது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்தக் கோழிக்குச் சொந்தக்காரி ஒரு ஆச்சி. எங்களைக் கண்டதும் பிளாஸ்டிக் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, "வாங்கோ தம்பி, இருங்கோ" என்றா. பேரனைக் கடைக்கு ஓட விட்டுச் சோடா எடுப்பித்தா. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்று, "எந்தக் கதை சொல்ல வேணும்? மகன்ரையோ, மற்றதோ?" என்று கேட்டா. எங்களுக்கு முன்னால் வந்த ஆட்கள் எல்லாரும் கதை கேட்டுப் போயிருக்கிறார்கள். நாங்களும் கேட்டோம். எங்களில் ஒருவர் அழுதார். ஆச்சி அழவில்லை.

குழுவில் ஒரு தாதி இருந்தா. ஆலய முற்றத்துப் பாலை மரத்தடியில் மேசை போட்டுப் பிரஷர் பார்த்தோம். ஆச்சிக்கு நன்றாகக் கூடியிருந்தது. ஒரு மாதத்துக்குக் குளிசை கொடுத்தோம், கூடவே அதே பையில் ஒரு சுவிசேஷக் கைப்பிரதியும் வைத்தோம். ஆச்சி வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கப் போகிறவ. ஒரு கையால் மருந்து, மறு கையால் பிரதி என்றால் ஊர் என்ன நினைக்கும்? மதம் மாற்ற வந்த ஆட்கள் என்றுதான். அந்தப் பேச்சு வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் கோபப்பட எனக்கு உரிமையே இல்லை. சுவிசேஷம் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் குளிசைப் பைக்குள் அதை ஒளித்து வைத்தது பிழை.

2016இல் திரும்பப் போனேன். ஆச்சி என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு டின்னை எடுத்து வந்தா. அதற்குள், மடிப்புக் குலையாமல், நாங்கள் கொடுத்த குளிசை மட்டை. எல்லாக் குழியும் வெறுமை. நாலு வருடமாக வைத்திருந்திருக்கிறா.

"குளிசை முடிஞ்சு போச்சு, தம்பி. கொண்டு வந்தனியளே?"

பிரஷர் குளிசை முப்பது நாளோடு முடிகிற காரியமா? நாடு முழுக்க அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், மாதாமாதம் கிளினிக் உண்டு. கிளினிக் கொப்பி போட்டால் போதும். அதை நாங்கள் ஆச்சிக்குச் சொல்லவில்லை. ஏனென்றால் எங்களுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள நாங்கள் ஒருவரிடமும் கேட்கவுமில்லை. மட்டையைக் கையில் வாங்கியபோது எனக்கு மானிப்பாய் டொக்டர் சாமுவேல் கிறீன்தான் ஞாபகம் வந்தார். அமெரிக்க மிஷனரிகள் 1816இலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார்கள். கிறீன் வந்தது 1847இல். பத்து வருடம் இருந்து ஊருக்குப் போனவர், 1862இல் திரும்பி வந்து 1873வரை இருந்தார். தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், பாடப் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் கப்பல் ஏறிய பிறகும் நோயாளியைப் பார்க்க இங்கேயே வைத்தியர்கள் இருந்தார்கள். நாங்கள் வான் ஏறிய பிறகு ஆச்சியிடம் இருந்தது வெறும் மட்டை.

2019 ஓகஸ்டுக்கு எல்லாம் ஆயத்தம். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுகளோடு அது நின்றுபோனது. அப்புறம் கொரோனா. அப்புறம் 2022, பெற்றோலும் மண்ணெண்ணெயும் வரிசையில் நின்றாலும் கிடைக்காத வருடம். அந்த இடைவெளியில்தான் ஊர்ப் போதகரோடு தொலைபேசியில் கனக்கக் கதைத்தோம். கிளினிக் இருக்கிறது, கிளினிக்குக்குப் போக ஓட்டோக் காசு இல்லை, இதுதான் பிரச்சினை என்றார். இப்போது மாதம் ஒருதரம் இரண்டு ஓட்டோ ஏழெட்டு வயதானவர்களை ஏற்றிப் போய் இறக்குகிறது. வேதக்காரர், சைவக்காரர் என்று பார்ப்பதில்லை. பையும் இல்லை, பிரதியும் இல்லை. ஆச்சியின் கிளினிக் கொப்பி இரண்டாவது கொப்பியாம்.

அப்படியென்றால் நீங்கள் ஏன் போக வேண்டும், விமானக் காசை அனுப்பினால் எத்தனை ஓட்டோ ஓடும் என்று எங்கள் சபைப் பொருளாளர் கேட்டார். கணக்கு அவர் பக்கம்தான். போதகரிடம் இதைச் சொன்னேன். "காசை அனுப்புங்கோ, வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா ஆச்சி அந்த மட்டையை ஆரிட்டக் காட்டியிருப்பா?" என்றார். பொருளாளருக்கு இது காணாது. எனக்கு வானில் ஏறக் காணும்.

இந்தமுறை பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கிளினிக் நாளன்று ஓட்டோவில் கூடப் போய் வாங்கில் மூன்று மணித்தியாலம் காத்திருந்தார்கள். படம் எடுக்க ஒன்றும் இல்லையே என்று ஒருத்தி முணுமுணுத்தாள். சரி, முணுமுணுக்கட்டும்.

பின்னேரம் ஆச்சி வீட்டுக்குப் போனேன். வீட்டுத்திட்டத்துக் கல்வீடு, குசினி மட்டும் இன்னும் கிடுகு. கதிரை வரவில்லை. சோடாவும் இல்லை.

"வந்திட்டியே? வா, இரு," என்று திருவலையையும் அரைமூடித் தேங்காயையும் என் பக்கம் தள்ளினா. கோழி ஒன்றைக் கீரி கொண்டுபோன கதை தொடங்கியது. எந்தக் கதை வேண்டும் என்ற கேள்வியே இல்லை, கோழிக் கதைதான். நான் திருவிக்கொண்டே கேட்டேன். ஸ்காபரோவில் நாங்கள் பெட்டியில் வருகிற தேங்காய்ப்பூவுக்குப் பழகிய ஆட்கள். ஆச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா.

"சிரட்டை வரைக்கும் போகாதை. கறி கறுத்துப்போம்."